முன்சக்கரச் சிறிய காருக்கு சூப்பர்சார்ஜரா, டர்போவா? முடிவெடுக்கும் முறை

சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டும் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனங்கள்; முன்னதை இன்ஜினின் பெல்ட் சுழற்றும், பின்னதை இன்ஜின் புகை சுழற்றும். இதில் எது அதிகக் குதிரைத்திறன் தரும் என்று கேட்டுத்தான் பெரும்பாலானோர் ஆரம்பிக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் சிறிய காரில் அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. 1.6 முதல் 2.0 லிட்டர் வரையுள்ள பெட்ரோல் இன்ஜினை 200 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோக இரண்டாலும் முடியும். டார்க், அதாவது இன்ஜினின் முறுக்குவிசை, எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) வருகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, அதை முன் டயரும் கியர்பாக்ஸும் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிட் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் டயர் கணக்கு

ஓட்டுபவரோடு சேர்த்து வண்டி 1150 கிலோ, அதில் 60 சதவீதம் முன் அச்சில் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் டயர்கள் மேல் சுமார் 6770 நியூட்டன் எடை இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்பக்கம் சாயும். அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) அளவுக்கு வண்டி பாயும்போது முன் அச்சு ஏறக்குறைய 1100 நியூட்டனை இழந்துவிடும், மிச்சம் சுமார் 5700. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் பிடிமானமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இழுக்கும் சக்கரத்திலிருந்தே எடை விலகிப் போவதுதான் முன்சக்கர வண்டியின் பிறவிக் குறை.

இப்போது கியர். முதல் கியர் 3.4, இரண்டாம் கியர் 1.9, ஃபைனல் டிரைவ் 4.0, டயரின் ஆரம் 0.3 மீட்டர். முதல் கியரில் இன்ஜின் 130 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலே சக்கரத்தில் 5900 நியூட்டன் வந்துவிடுகிறது. கை வைக்காத இன்ஜினே முதல் கியரில் டயரைச் சுழற்றிவிடும் என்று அர்த்தம். அங்கே கூடுதலாகத் தருவதெல்லாம் ரப்பர் புகைதான்.

இரண்டாம் கியரில்தான் தேர்வு முடிவாகிறது. 200 குதிரைத்திறனை 6500 ஆர்பிஎம்மில் எடுத்தால் அந்த இடத்தில் டார்க் 219 நியூட்டன் மீட்டர், சக்கரத்தில் 5550 நியூட்டன். பிடிமானத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதே 200-ஐ 5000 ஆர்பிஎம்மிலேயே எடுத்தால் டார்க் 285, சக்கரத்தில் 7200. இரண்டாம் கியரிலும் டயர் வழுக்கும். பேப்பரில் குதிரைத்திறன் ஒன்றுதான், ரோட்டில் இரண்டும் வேறு வேறு வண்டி. உங்கள் வண்டியின் கியர் விகிதம், எடை, டயர் அளவு மூன்றையும் போட்டு இந்தக் கணக்கை ஒரு தடவை செய்துவிடுங்கள். குதிரைத்திறனை 7121-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் டார்க் நியூட்டன் மீட்டரில் கிடைக்கும்.

எந்த வகை எப்படித் தள்ளும்

சூப்பர்சார்ஜர் என்ற ஒரே பெயரில் குணம் வேறான இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று ரூட்ஸ், ட்வின்ஸ்க்ரூ வகை. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றை அள்ளித் தள்ளும். ஈட்டன் எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் தள்ளும். எம்62 சுமார் ஒரு லிட்டர். பெல்ட் நேரடியாகச் சுழற்றுவதால் 2000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம், தயாராக இருக்கும். மிதித்த அளவுக்கு உடனே பதில் வரும், திடீர் உதை இருக்காது. கால் பழகிவிட்டால் டயர் வழுக்குவதைக் காலாலேயே சமாளித்துவிடலாம்.

இன்னொன்று சென்ட்ரிஃபியூகல் வகை. ரோட்ரெக்ஸ், வோர்டெக், புரோசார்ஜர் எல்லாம் இந்த இனம். காற்றை அழுத்தும் பகுதி டர்போவைப் போலவே இருக்கும், சுழற்றுவது மட்டும் பெல்ட். இதில் பூஸ்ட் ஏறத்தாழ ஆர்பிஎம்மின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 7000-இல் 8 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) தரும்படி புல்லி போட்டால் 3500-இல் கிடைப்பது 2 பிஎஸ்ஐ அளவுதான். கீழே சப்பென்று இருக்கிறதே என்று பலர் குறைப்படுவார்கள். முன்சக்கர வண்டிக்கு அதுவே பெரிய வரம்: முதல் இரண்டு கியரில் டயர் தப்பிக்கும், கியர்பாக்ஸ் தப்பிக்கும், உயர் ஆர்பிஎம்மில் மட்டும் வண்டி சீறும். 7000-க்கு மேல் சந்தோஷமாகச் சுழலும் இன்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. 5800-லேயே மூச்சு வாங்கும் இன்ஜினுக்கு இதை மாட்டுவது வீண் செலவு.

டர்போ புகையின் சக்தியில் சுழல்வதால் பாரத்தைப் பொறுத்து எழும். சிறிய டர்போ 2500 முதல் 3000 ஆர்பிஎம்முக்குள் முழு பூஸ்ட்டுக்கு வந்துவிடும், டார்க் சுவர் மாதிரி எழும்பும். டார்க் ஸ்டியர் என்று ஸ்டியரிங் ஒருபக்கம் பிடித்து இழுப்பது அந்த நொடியில்தான். இடது வலது ஆக்ஸில்களின் நீளமும் ஜாயின்ட் கோணமும் வேறாக இருப்பது அதற்கு முக்கியக் காரணம். நடுவில் தாங்கு பேரிங்கோடு இடைத்தண்டு வைத்து இரண்டு பக்கமும் சம நீளம் ஆக்கிய வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. வண்டியைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சூப்பர்சார்ஜரில் இல்லாத ஒரு கடிவாளம் டர்போவில் உண்டு. பூஸ்ட்டை எலெக்ட்ரானிக் முறையில் கியருக்குக் கியர் மாற்றலாம்: முதல் கியரில் 5 பிஎஸ்ஐ, இரண்டாவதில் 6, மூன்றாவதிலிருந்து 9. சூப்பர்சார்ஜரில் எந்த கியரானாலும் புல்லி தருவதுதான் பூஸ்ட். குறைக்க வேண்டுமென்றால் திராட்டிலைத்தான் மூட வேண்டும்.

கார் கம்பெனிகளே இந்த இரு வழியிலும் போய்ப் பார்த்திருக்கின்றன. ஷெவர்லே கோபால்ட் எஸ்எஸ் 2005-இல் ஈட்டன் எம்62 பூட்டிய 2.0 லிட்டர் இன்ஜினோடு 205 குதிரைத்திறனில் வந்தது. 2008-இல் டர்போவுக்கு மாறி 260 ஆனது. டார்க் 271-லிருந்து 353 நியூட்டன் மீட்டருக்குத் தாவியதால் கிளம்பும்போது சக்கரம் வழுக்காமல் அடக்கும் லாஞ்ச் கன்ட்ரோலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மினி கூப்பர் எஸ் காரும் எம்45 சூப்பர்சார்ஜரில் தொடங்கி அடுத்த தலைமுறையில் டர்போவுக்குப் போனது. ஃபோக்ஸ்வேகன் 1.4 இன்ஜினில் இரண்டையும் சேர்த்தே வைத்தது. 3500 ஆர்பிஎம் தாண்டினால் சூப்பர்சார்ஜர் விலகிக்கொள்ளும். அந்த மூன்றாவது வழியைப் பட்டறையில் முயன்று பார்க்க வேண்டாம். உங்கள் மாடலிலேயே கம்பெனி டர்போ இன்ஜின் வந்திருக்கிறது என்றால், கிட் விலையோடு ஒப்பிட்டு அந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மொத்தமாக மாற்றுவதையும் யோசியுங்கள். பல நேரம் அதுதான் மலிவாக முடியும்.

சூடு

காற்றை அழுத்தினால் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பது அழுத்துகிற சாதனத்தின் திறனைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 7.3 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்குக் கொண்டுபோவோம். இழப்பே இல்லாத கம்ப்ரஸரானாலும் 37 டிகிரி ஏறும். 75 சதவீதத் திறனில் ஓடும் டர்போவிலும் நல்ல சென்ட்ரிஃபியூகலிலும் 50 டிகிரி ஏறி 80-இல் வெளிவரும். பழைய ரூட்ஸ் 55 சதவீதம்தான் என்றால் 68 டிகிரி ஏறி 98-க்குப் போய்விடும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 45 டிகிரிக்கு இறக்கினால் காற்றின் அடர்த்தி முதலில் இருந்ததைப் போல 1.43 மடங்கு, இறக்காமல் 98-லேயே விட்டால் வெறும் 1.22 மடங்கு, கூடவே நாக்கிங் (கலவை கட்டுமீறி வெடித்து இன்ஜினைத் தட்டுவது) பயம்.

சூப்பர்சார்ஜர் இன்ஜினிடமிருந்தே சக்தியை வாங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200 குதிரைத்திறனுக்குத் தேவையான காற்று நொடிக்கு சுமார் 0.15 கிலோ. அதை 68 டிகிரி சூடாக்கும் வேலைக்கு மட்டும் 10 கிலோவாட், 14 குதிரைத்திறன் போய்விடுகிறது. பெல்ட், பேரிங் இழப்பு தனி. டர்போவும் இலவசம் இல்லை. புகைப்பாதையில் எதிரழுத்தம் ஏற்றித்தான் சுழல்கிறது. இருந்தாலும் மொத்தத்தில் இழப்பு குறைவு.

ரூட்ஸ் வகை நேராக இன்டேக் மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதி) மேல் உட்கார்வதால் முன் பம்பருக்குள் வைக்கும் காற்று இன்டர்கூலருக்குக் குழாய் இழுப்பது சிரமம். தண்ணீர் சுற்றும் இன்டர்கூலர் வேண்டும்: சிறு பம்ப், முன்னால் தனி ரேடியேட்டர், தனி நீர்த்தொட்டி. இன்டர்கூலரே இல்லாத ரூட்ஸ் கிட் என்றால் 5 அல்லது 6 பிஎஸ்ஐயோடு நின்றுவிடுங்கள்.

பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டியவை

குறுக்காக வைத்த இன்ஜினில் புகை மேனிஃபோல்ட் எந்தப் பக்கம் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. ஹோண்டாவின் பழைய பி வரிசையில் அது ரேடியேட்டர் பக்கம். கே வரிசையில் தடுப்புச்சுவர் பக்கம். முன்பக்கம் இருந்தால் டர்போ கைக்கு எட்டும், ஆனால் ரேடியேட்டர் ஃபேனையும் ஏசி கண்டென்சரையும் உரசும். மெல்லிய ஃபேன் மாற்ற வேண்டி வரலாம். பின்பக்கம் இருந்தால் ஸ்டியரிங் ரேக்கின் ரப்பர் உறை, பிரேக் குழாய், ஆக்ஸில் பூட் எல்லாம் டர்போவின் சூட்டில் வேகும். முழு பாரத்தில் புகை 850 முதல் 950 டிகிரி வரை போகும். உலோகத் தடுப்புத் தகடு இல்லாமல் மாட்டவே கூடாது.

சூப்பர்சார்ஜருக்குப் பெல்ட் பக்கத்தைப் பாருங்கள். இன்ஜினுக்கும் பாடி ரெயிலுக்கும் நடுவே கை நுழையாத வண்டிகள் நிறைய. புல்லியும் ஐட்லரும் (பெல்ட்டைத் தாங்கும் துணை உருளை) அங்கே உட்கார வேண்டும். இன்ஜின் மவுன்டில் ஆடும்போது ரெயிலில் இடிக்கவும் கூடாது. கிராங்க் புல்லியில் ரப்பர் டாம்பர் இருந்தால் அதை எடுத்துவிட்டு லேசான அலுமினிய புல்லி போடாதீர்கள். கிராங்க் அதிர்வை அடக்குவது அந்த ரப்பர்தான்.

கியர்பாக்ஸ், கிளட்ச், டிஃபரென்ஷியல்

கியர்பாக்ஸை உடைப்பது டார்க். உங்கள் கியர்பாக்ஸ் எத்தனை நியூட்டன் மீட்டருக்கு மதிப்பிடப்பட்டது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதே பெட்டி பெரிய இன்ஜினோடோ டீசலோடோ எந்த மாடலில் வந்தது, அந்த இன்ஜினின் டார்க் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் இலக்கு அதைத் தாண்டினால் டர்போவின் பூஸ்ட்டைக் கீழ் ஆர்பிஎம்மில் அடக்க வேண்டும், இல்லையேல் சென்ட்ரிஃபியூகலுக்குப் போக வேண்டும். இன்ஜினின் கனெக்டிங் ராடுக்கும் இதே நியாயம்தான். 3000 ஆர்பிஎம்மில் திடீரென்று வரும் டார்க் ராடை வளைக்கிற அளவுக்கு 6500-இல் வரும் அதே குதிரைத்திறன் வளைக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் தாழ்ந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் கேட்டால் தீப்பொறிக்கு முன்பே எரிந்து பிஸ்டன் உடையும் ஆபத்தும் உண்டு. அதில் 2500-க்குக் கீழே பூஸ்ட்டை அளவோடு வையுங்கள்.

கிளட்ச் எப்படியும் மாற்ற வேண்டி வரும். கியர்பாக்ஸ் அதற்காக இறங்கும்போதே ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலையும் போட்டுவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும். சாலை வண்டிக்கு ஹெலிகல் கியர் வகை நல்லது, ஸ்டியரிங்கைப் பிடுங்காது. ஒரு சக்கரம் முழுதாகத் தரையை விட்டு எழும்பினால் மட்டும் அது சாதாரண டிஃபரென்ஷியல் போலாகிவிடும். தட்டு வகை நன்றாகப் பூட்டும், ஆனால் தினசரி ஓட்டத்தில் ஸ்டியரிங் கனக்கும். இன்ஜின் ஆடாமல் தடுக்கும் கீழ் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் தேய்ந்திருந்தால் முதலில் அவை.

எதை மாட்டினாலும் வேண்டியவை

வேலைக்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த இன்ஜினில் பூஸ்ட் வேண்டாம். கம்ப்ரஷன் விகிதம் 9 அல்லது 9.5 என்றால் 7, 8 பிஎஸ்ஐ வரை போகலாம். 10.5-க்கு மேல் என்றால் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலோடு 5, 6 பிஎஸ்ஐ போதும்.

இன்ஜெக்டர் கணக்கு இப்படி: பூஸ்ட் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று கொள்ளுங்கள். 200-க்கு 120 பவுண்டு, நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 30. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 37.5 பவுண்டு. அது நிமிடத்துக்கு 394 சிசி. 440 சிசி வாங்கினால் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். ரிட்டர்ன் குழாய் இல்லாமல், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலின் அழுத்தம் நிலையாக இருக்கும் வண்டியில் இன்னொரு பொறி உண்டு. ரெயிலில் 3 பார், மேனிஃபோல்டில் அரை பார் பூஸ்ட் என்றால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5 பார்தான், பெட்ரோல் 9 சதவீதம் குறையும். உச்ச பாரத்தில் கலவை மெலிந்து பிஸ்டன் போவதற்கு இது ஒன்றே போதும். பூஸ்ட்டைப் பார்த்து அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் போடுங்கள், இல்லையென்றால் டியூனிங்கில் இந்தக் குறையை ஈடுகட்டுங்கள்.

இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங்கைத் தவிர்க்க வழி தேடாதீர்கள். ஒரிஜினல் மேப் சென்சார் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும். 2 பார் அல்லது 3 பார் சென்சார் மாற்றினால்தான் பூஸ்ட் இருப்பதே இசியுவுக்குத் தெரியும். முழு பூஸ்ட்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12-க்குள் இருக்கட்டும். இக்னிஷனை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி பின்தள்ளி ஆரம்பித்து, நாக்கிங் பதிவைப் பார்த்துத் திருத்துங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது (சூட்டை வேகமாகக் கடத்தும் வகை), இடைவெளி 0.7 அல்லது 0.8 மி.மீ. பழைய 1.1 மி.மீ. இடைவெளியை அப்படியே விட்டால் பூஸ்ட்டில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும். பிரேக் பூஸ்டர் குழாயிலும் பிசிவி (இன்ஜினின் உள் ஆவியை வெளியேற்றும்) குழாயிலும் உள்ள ஒருவழி வால்வுகளை ஊதிப் பார்த்துவிடுங்கள். மாற்றம் செய்த வண்டிக்கான புகை விதி, பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள்.

எங்கே சறுக்கும்

சூப்பர்சார்ஜரில் தொல்லை பெரும்பாலும் பெல்ட்டில்தான். உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறாமல் சரிந்து, பானெட்டுக்குள் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. டென்ஷனை ஏற்றுவதற்கு முன், நேர்விளிம்பு அளவுகோலை வைத்துப் புல்லிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஐட்லரை நகர்த்திப் பெல்ட் புல்லியைச் சுற்றும் கோணத்தைக் கூட்டுங்கள். வெறுமனே இறுக்கினால் சூப்பர்சார்ஜரின் முன் பேரிங் போய்விடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறதா என்று தெரிந்து வையுங்கள். ஓடினால் பெல்ட் அறுந்த நிமிடமே இன்ஜினை அணைக்க வேண்டும். ரூட்ஸில் பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தபடி சிக்கினால் பூஸ்ட்டே வராது, மூடியபடி சிக்கினால் சும்மா ஓட்டும்போதும் காற்று சூடாகும். ரோட்ரெக்ஸில் அதற்கென்று உள்ள எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதீர்கள், உள்ளே உருளைகள் உராய்வால் சுழற்றுகிற அமைப்பு அது. புல்லியைச் சிறிதாக்கிப் பூஸ்ட் ஏற்றுபவர்கள் வேகக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கிராங்க் புல்லி 150, சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்றால் 6500 ஆர்பிஎம்மில் சார்ஜர் தண்டு 13,000-இல் சுழலும். தயாரிப்பாளர் சொன்ன உச்ச வேகத்தோடு ஒப்பிட்ட பிறகே புல்லியை வாங்குங்கள்.

டர்போவில் முக்கால்வாசித் தொல்லை எண்ணெய் திரும்பும் குழாயில்தான். எண்ணெய் தன் எடையால் இறங்க வேண்டும். உள்விட்டம் 12 முதல் 16 மி.மீ., வளைவில்லாத சரிவு, சம்ப்பில் (இன்ஜினடி எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே இணைப்பு. இதில் ஒன்று தப்பினாலும் சீல் வழியே எண்ணெய் கசிந்து நீலப்புகை வரும். டர்போ கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினால் அதுவும் அதே புகையைத்தான் விடும். பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் வரும் வழியில் சுமார் 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் தேவை, சாதாரண ஜர்னல் பேரிங்குக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் அடங்காமல் ஏறினால், உபரிப் புகையை டர்போவைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் வால்வு சிறிதாக இருக்கிறது. வேஸ்ட்கேட் ஸ்பிரிங் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்ட்டை இறக்க முடியாது. முன்சக்கர வண்டிக்கு 5 பிஎஸ்ஐ ஸ்பிரிங் வாங்கச் சொல்வது அதனால்தான். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் திராட்டிலை மூடும்போது வெளியேறும் காற்றை இன்டேக்குக்கே திருப்பிவிடுங்கள். வெளியே விட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கலவை கொழுத்து வண்டி இடறும்.

எதை எடுக்க

இன்ஜின் 7000-க்கு மேல் சுழலும், கியர்பாக்ஸ் பலவீனம், கம்ப்ரஷன் உயர்வு, புகைப்பாதையைத் தொட மனமில்லை: சென்ட்ரிஃபியூகல், சுமார் 7 பிஎஸ்ஐ. நகர நெரிசலில் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே ஓடும் வண்டி, மிதித்ததும் பதில் வேண்டும், 170, 180 குதிரைத்திறன் போதும்: உங்கள் இன்ஜினுக்கென்றே வார்த்த மேனிஃபோல்டோடு வரும் ரூட்ஸ் கிட். அப்படி ஒரு கிட் இல்லையென்றால் ரூட்ஸை மறந்துவிடுங்கள்; மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்து மாட்டும் வேலை டர்போவைவிடக் கடினம். 200-க்கு மேல் போகும் ஆசை, கியர்பாக்ஸ் பலம், டிஃபரென்ஷியல் மாற்றத் தயார், கியர்வாரியாகப் பூஸ்ட் அடக்கும் இசியு கையில்: டர்போ. பணம் பாதிதான் இருக்கிறது என்றால் டயரும் டிஃபரென்ஷியலும் வாங்குங்கள். முன்சக்கர வண்டியில் அதுவே நிறைய வேகம் தரும்.

முதல் ஓட்டம்

டர்போ என்றால் பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, திரும்பும் குழாயில் எண்ணெய் வரும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஐடிலில் விட்டுக் கசிவு பாருங்கள். பூஸ்ட் கன்ட்ரோலரை இணைக்காமல் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே முதல் டியூனிங். மூன்றாம் கியரில் ஒரு இழுப்பு, உடனே நிறுத்தி பதிவைப் படியுங்கள்: கலவை, நாக்கிங், இன்டேக் வெப்பம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் சதவீதம். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளியோ பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. டைமிங்கைக் குறைக்காமல் அடுத்த இழுப்புக்குப் போகாதீர்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெய், ஃபில்டர் மாற்றி, இன்ஜின் ஆறிய பிறகு மேனிஃபோல்ட் நட்டுகளையோ சார்ஜர் பிராக்கெட் போல்ட்டுகளையோ டார்க் ரென்சால் மறுபடி முறுக்குங்கள்.